டாம்ரியலில் யாரையும் நம்பாதீர்கள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ்' கேம்கள் நடக்கும் டாம்ரியல் உலகத்தின் வரலாறு, புராணம், பழைய பகைகள் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்குப் பாதி "எந்த வாள் நல்லது?" என்றுதான் கேட்டிருந்தன. அவற்றை ஓரமாக எடுத்து வைத்திருக்கிறேன். மீதியில் இருந்து சில.

கே: ஸ்கைரிமை இருநூறு மணி நேரத்துக்கு மேல் விளையாடியிருக்கிறேன். வழியில் கிடைக்கும் புத்தகங்களில் ஒன்றைக்கூடப் படித்ததில்லை, எடுத்ததும் விற்றுவிடுவேன். இப்போதுதான் இந்த உலகத்தின் கதையைத் தெரிந்துகொள்ள ஆசை வந்திருக்கிறது. 1994-ல் வந்த அரீனாவில் இருந்து வரிசையாகத் தொடங்கட்டுமா?

ப: வேண்டாம். வரிசையாகப் போகிறேன் என்று அரீனாவில் தொடங்கியவர்களில் பலர் அரீனாவிலேயே நின்றுவிடுகிறார்கள். எட்டுத் துண்டாகச் சிதறிய ஒரு மந்திரக்கோலைத் தேடிக் குகை குகையாக அலைவதுதான் அந்தக் கேம். அப்போது இந்த உலகத்துக்கு எலும்புக்கூடு இருந்தது, சதை பிடிக்கவில்லை. படிக்கிற மாதிரியான புத்தகங்கள் உள்ளே வந்தது 1996-ல் டாகர்ஃபாலில், அவற்றுக்கு ஒரு கிறுக்கும் ஆழமும் வந்தது 2002-ல் மோரோவிண்டில்.

நீங்கள் ஏற்கெனவே ஸ்கைரிமில்தானே இருக்கிறீர்கள், அங்கிருந்தே தொடங்குங்கள். ஆனால் காலவரிசையைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், ஒரு பகையைப் பிடித்துக்கொண்டு போங்கள். குகைகளில் கண் தெரியாமல் பாய்ந்து வருமே ஃபால்மர், அவற்றை எத்தனை கொன்றிருப்பீர்கள்? அவர்கள் ஒரு காலத்தில் பனி எல்ஃப்கள். நார்டுகள் என்ற மனித இனம் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் இருந்தவர்கள். நார்டுகளைக் கேட்டால், எல்ஃப்கள் ஓர் இரவில் வந்து சார்தால் நகரத்தை அழித்தார்கள், தப்பித்தது தலைவர் யிஸ்க்ரமோரும் இரண்டு மகன்களும்தான், அவர் தாய்நாடான அட்மோராவுக்குப் போய் ஐந்நூறு பேரைத் திரட்டி வந்து பழி தீர்த்தார் என்பார்கள். பாட்டே இருக்கிறது அதற்கு. 'கண்ணீரின் இரவு' என்ற சின்னப் புத்தகத்தைப் படித்தால் கதை லேசாகத் திரும்பும்: அந்த நகரத்துக்கு அடியில் ஏதோ புதைந்திருந்தது, எல்ஃப்கள் வந்தது அதற்காகத்தான் இருக்க வேண்டும் என்று அதன் ஆசிரியர் சந்தேகப்படுகிறார். வின்டர்ஹோல்ட் மந்திரவாதக் கல்லூரி தரும் குவெஸ்டில் (பணியில்) நீங்களே சார்தாலுக்குள் இறங்கி அந்த ஏதோ ஒன்றைக் கண்ணால் பார்ப்பீர்கள், அதாவது இத்தனை நாளும் பார்த்திருப்பீர்கள், ஆனால் என்ன பார்த்தோம் என்று தெரிந்திருக்காது.

அப்புறம் 'ஃபால்மர்: ஓர் ஆய்வு'. தோற்று ஓடிய எல்ஃப்கள் நிலத்தடியில் வாழ்ந்த ட்வெமர்கள் என்ற இன்னோர் எல்ஃப் இனத்திடம் அடைக்கலம் கேட்டார்கள், ட்வெமர்கள் இடம் கொடுத்தார்கள், விலையாக ஒரு நச்சுக் காளானைத் தின்ன வைத்தார்கள், பார்வை போயிற்று. கடைசியாக ஸ்கைரிமின் கூடுதல் பகுதியான டான்கார்ட் டிஎல்சியில் கெலெபோர் என்ற ஒருவரைச் சந்தியுங்கள். பார்வை போகாத, பேச்சு மாறாத ஒரு பனி எல்ஃப். அவர் முன்னால் நின்று பேசிவிட்டு மறுபடி ஒரு ஃபால்மர் குகைக்குள் போய்ப் பாருங்கள், கை அவ்வளவு சுலபமாக வாளுக்குப் போகாது.

மொத்தம் இரண்டு சின்னப் புத்தகம், ஒரு குவெஸ்ட், ஒரு உரையாடல். ஒரு மாலைக்கு இது போதும்.

கே: இவ்வளவு எதற்கு? லோர் (கேமின் பின்கதை) வீடியோக்களைப் பார்த்தால் போதாதா?

ப: பாருங்கள், நானும் பார்க்கிறேன். ஒரே ஒரு குறை. ஐந்து புத்தகத்தில் ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொன்னதை வீடியோக்காரர் அரைத்து ஒரே கதையாக, "நடந்தது இதுதான்" என்று ஊற்றிக் கொடுத்துவிடுகிறார். யார் சொன்னது, அவருக்கு அதில் என்ன லாபம் என்பது போய்விடுகிறது. டாம்ரியலில் ருசியே அதில்தான் இருக்கிறது. எப்படி என்று அடுத்த கேள்விக்கான பதிலில் பாருங்கள்.

கே: மோரோவிண்டை முழுக்க முடித்துவிட்டேன். நெரெவாரைக் கொன்றது யார் என்று கடைசி வரை கேம் சொல்லவே இல்லையே? அதற்கு ஏதாவது பதில் உண்டா, இல்லை எழுதியவர்கள் மறந்துவிட்டார்களா?

ப: மறக்கவில்லை. இதுதான் இந்தத் தொடரிலேயே எனக்குப் பிடித்த கொலை வழக்கு, அதனால் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளையாடாதவர்களுக்காக: முதல் யுகம் 700-ல் சிவப்பு மலையில் ஒரு போர். ஒரு பக்கம் ட்வெமர்கள், மலைக்குள் அவர்கள் கண்டெடுத்து வைத்திருந்த லோர்கன் என்ற செத்த கடவுளின் இதயம். இன்னொரு பக்கம் நெரெவார், அவருடைய மனைவி ஆல்மலெக்ஸியா, ஆலோசகர்கள் விவெக், சோதா சில், நண்பர் டகோத் உர். போர் முடிந்தபோது ட்வெமர்கள் இல்லை, நெரெவாரும் இல்லை. கொஞ்ச காலம் கழித்துப் பார்த்தால் ஆல்மலெக்ஸியா, விவெக், சோதா சில் மூன்று பேரும் கடவுளாகியிருக்கிறார்கள். கேம் நடப்பது இதற்கு ஆயிரக்கணக்கான வருடங்கள் கழித்து, மூன்றாம் யுகம் 427-ல். நீங்கள்தான் நெரெவாரின் மறுபிறவி என்கிறார்கள், அதாவது கொலையானவரே வந்து விசாரிக்கிற வழக்கு இது.

இனி சாட்சிகள். அந்த மூவரையும் வணங்கும் கோயில் சொல்வது: நெரெவார் போரில் பட்ட காயத்தால் இறந்தார், நண்பர்கள் மூவரும் தவத்தாலும் நற்குணத்தாலும் தெய்வநிலை அடைந்தார்கள். சாம்பல் நிலத்து நாடோடிகள் சொல்வது: அவருடைய கேடயத் தோழன் அலாண்ட்ரோ சுல் தப்பித்து எங்களிடம்தான் வந்தான், மூன்று பேரும் சேர்ந்து கொன்றதாக அவனே சொன்னான். கோயிலில் இருந்து பிரிந்துபோன பூசாரிகள் ஒளித்து வைத்திருக்கும் ஏட்டில் இதற்கு விவரமே இருக்கிறது: நெரெவார் அஸுரா தேவியை வணங்க உட்கார்ந்தபோது ஆல்மலெக்ஸியா நஞ்சு கலந்த மெழுகுவர்த்திகளையும், சோதா சில் நஞ்சு தோய்த்த அங்கியையும், விவெக் நஞ்சான மந்திரங்களையும் பயன்படுத்தினார்களாம். அஸுரா கோபத்தில் சபித்ததால்தான் நெரெவாருடைய இனத்தின் தோல் சாம்பல் நிறமாகவும் கண் சிவப்பாகவும் மாறியதாம். நார்டுகளின் பாட்டில் இன்னொரு வேடிக்கை, அங்கே இந்தப் போரே அவர்கள் தங்கள் கடவுளின் இதயத்தை மீட்க வந்த போர். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

குற்றம் சாட்டப்பட்டவரையே கேட்கலாமே என்று விவெக்கிடம் போனால், அவர் தரப்பு வாக்குமூலம் கிடைக்கிறது. நாங்கள் கொல்லவில்லை, அந்த இதயத்தின் சக்தியை எடுக்க ட்வெமர்கள் செய்த கருவிகளைக் காவல் காத்த டகோத் உர் அவற்றைத் திருப்பித் தர மறுத்தான், சண்டை நடந்தது, அவன் விரட்டப்பட்டான், என்கிறார். சரி, டகோத் உரையும் கேட்டுவிடுவோம் என்று கடைசிச் சண்டைக்கு முன்னால் பேசினால், அவர் கொலையைப் பற்றியே பேசவில்லை, "நீ காக்கச் சொன்ன பொருளைத்தானே காத்துக்கொண்டு நின்றேன், என்னை வெட்டியது நீதானே" என்கிற தொனியில் நம்மையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார். அந்தக் குரலில் இருக்கிற வருத்தம் எனக்கு இன்னும் பொய்யாகப் படவில்லை.

கேமில் இவ்வளவுதான். தீர்ப்பு கிடையாது, குவெஸ்ட் பட்டியலில் ஒரு வரிகூட வராது. ஆனால் விவெக் எழுதியதாகச் சொல்லப்படும் 'முப்பத்தாறு பாடங்கள்' என்று முப்பத்தாறு புத்தகங்கள் கேம் நடக்கும் தீவு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. உண்மையில் எழுதியவர் மைக்கேல் கிர்க்பிரைட். தலையும் புரியாது வாலும் புரியாது, பத்துப் பக்கத்துக்கு மேல் போனால் தலைவலி வரும், நான் இரண்டு தடவை பாதியில் விட்டிருக்கிறேன். முப்பத்தாறாவது பாடத்தில் ஒவ்வொரு பத்தியின் முதல் எழுத்தையும் ஆங்கில மூலத்தில் சேர்த்துப் பாருங்கள், 'கொடுங்கொலை' என்று பொருள்படும் இரண்டு சொற்கள் வரும். அதோடு விட்டார்களா? இருபத்தொன்பதாவது பாடத்தில் ஓர் எண் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்குரிய சொல்லை அந்தந்தப் பாடத்தில் இருந்து எண்ணி எடுத்துக் கோத்தால் ஒரு ஒப்புதல் வாக்குமூலம் கிடைக்கும். அவன் கடவுளாகப் பிறக்கவில்லை, விதி அவனை இந்தக் குற்றத்துக்கு இழுத்து வரவில்லை, அவனே விரும்பித் தேர்ந்தெடுத்தான், கடவுள்தன்மையைத் திருடினான், நெரெவாரைக் கொன்றான். கடைசியில் கையெழுத்து மாதிரி, இதை எழுதியது விவெக் என்று.

நேரில் கேட்டபோது இல்லை என்று சொன்ன அதே ஆள், யாரும் முழுக்கப் படிக்க மாட்டார்கள் என்று தெரிந்த புத்தகத்துக்குள் ஒத்துக்கொண்டு வைத்திருக்கிறார். ஆக என் தீர்ப்பு, கொன்றார்கள். ஆனால் அந்தப் புத்தகத்தில் மற்ற எதையாவது நம்புகிறாயா என்று நீங்கள் திருப்பிக் கேட்டால் நான் கொஞ்சம் நெளிய வேண்டியிருக்கும்.

கே: ட்வெமர்கள் எங்கேதான் போனார்கள்?

ப: அவர்களுடைய தலைமைக் கம்மியர் கக்ரெனாக் அந்த இதயத்தில் தன் கருவிகளைப் பிரயோகித்தார், அந்த நொடியில் இனம் மொத்தமும், எங்கெங்கே இருந்தார்களோ அங்கிருந்தே மறைந்தது. ஒரே ஒருவர் மிச்சம், யாக்ரும் பாகர்ன். அந்த நேரத்தில் வேறு ஓர் உலகத்தில் இருந்ததால் தப்பித்தார். மோரோவிண்டில் டெல் ஃபைர் கோபுரத்துக்கு அடியில், நோயாளிகள் நடுவே, உடம்பு ஊதி, எந்திரச் சிலந்திக் கால்களின் மேல் உட்கார்ந்திருப்பார். தேடிப்போய்க் கேட்டால் அவருக்கும் தெரியாது. ஸ்கைரிமில் வின்டர்ஹோல்ட் கல்லூரியின் அர்னியல் கேன் அதே சோதனையைச் சின்ன அளவில் செய்து பார்க்கிறார். கக்ரெனாக்கின் கத்தியை எடுத்துக் குத்துகிறார், குத்துகிறார், ஆளே காணாமல் போகிறார். எப்படிப் போனார்கள் என்பதற்கு இதைவிட நல்ல செயல்முறை விளக்கம் கிடையாது, எங்கே என்பதற்குத்தான் பதில் இல்லை. இனி வரும் எந்தக் கேமிலும் பதில் வராமல் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

கே: டாகர்ஃபாலுக்குப் பல முடிவுகள் உண்டாமே. அடுத்து வந்த கேம்கள் எந்த முடிவை உண்மை என்று எடுத்துக்கொண்டன?

ப: எல்லாவற்றையும்! நியூமிடியம் என்ற மலையளவு பித்தளைப் பொம்மையை எழுப்பும் சக்தி கடைசியில் உங்கள் கைக்கு வரும். அதைப் பேரரசரிடம் கொடுக்கலாம், ஆர்க்குகளின் தலைவனுக்குக் கொடுக்கலாம், பிணமந்திரவாதி மன்னிமார்க்கோவுக்குக் கொடுக்கலாம், உள்ளூர் அரசர்களில் ஒருவருக்குக் கொடுக்கலாம், இப்படிப் போகும். மற்ற தொடர்களில் இதில் ஒன்றை 'அதிகாரபூர்வம்' என்று அறிவித்து மற்றதை அழித்துவிடுவார்கள். இங்கே 'மேற்கின் திரிபு' என்று ஒரு நிகழ்ச்சியை உண்டாக்கினார்கள். மூன்றாம் யுகம் 417-ல் காலமே முறுக்கிக்கொண்டது, அத்தனை முடிவும் ஒரே நேரத்தில் நடந்தது, விழித்துப் பார்த்தால் இலியாக் விரிகுடாவில் இருந்த 44 சின்ன அரசுகள் நான்காகியிருந்தன. மன்னிமார்க்கோ ஒரே சமயத்தில் கடவுளாகவும் ஆனார், பழைய ஆளாகவும் இருந்தார். காலத்தின் தெய்வம் டிராகன் என்பதால் இந்த மாதிரி நேரங்களுக்கு 'டிராகன் உடைவு' என்று பெயர்.

சாமர்த்தியமான சமாளிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்து ஒற்றர்கள், தளபதிகள் எழுதிய அறிக்கைகளை ஆப்லிவியன் கேமில் ஒரு புத்தகமாகப் படித்தபோது, என் படை ஓர் இடத்தில் இருந்தது, கண்ணை மூடித் திறந்தால் பல காதம் தள்ளி நின்றது என்று ஆள் ஆளுக்குக் குழம்புவதைப் பார்த்தபோது, சமாளிப்பு என்பதே மறந்துவிட்டது.

கே: ஆப்லிவியனில் பார்த்த சிரோடில் மாகாணம் பச்சைப்பசேல் என்று சாதாரணக் காடும் புல்வெளியும்தான். பழைய குறிப்புகளில் அது அடர்ந்த மழைக்காடு என்று இருக்கிறதே?

ப: ஆமாம். 1998-ல் ரெட்கார்ட் கேமோடு வந்த பயணக் கையேட்டில் மழைக்காடு, 2006-ல் கேமாக வந்தபோது மிதமான வானிலை. ரசிகர்கள் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டார்கள். பிறகு வந்த விளக்கங்கள்தான் அழகு. ஸ்கைரிமில் வைட்ரன் நகரத்தில், கடவுளாக வணங்கப்படும் பேரரசர் டாலோஸின் சிலைக்கு முன் நின்று நாள் முழுக்கக் கத்துவாரே ஹெய்ம்ஸ்கர், எரிச்சலில் அவரைத் தாண்டி ஓடியிருப்பீர்கள், அந்தப் பிரசங்கத்தை ஒரு தடவை நின்று கேளுங்கள்: என் வீரர்கள் காட்டை வெறுக்கிறார்கள் என்று டாலோஸ் மூச்சு விட்டு நிலத்தையே மாற்றிய கதை அதில் வருகிறது. 2014-ன் எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் ஒரு பண்டிதர் வந்து அதெல்லாம் இல்லை, பழைய ஏட்டைப் படி எடுத்தவன் செய்த எழுத்துப்பிழை என்கிறார். பக்தனுக்கு அற்புதம், பண்டிதனுக்கு எழுத்துப்பிழை. எனக்கு அற்புதமே இருக்கட்டும்.

கே: கஜீட் இனத்தினர் அரீனாவில் மனிதர் மாதிரி இருந்தார்கள், இப்போது பூனை முகம். இதற்கும் டிராகன் உடைவா?

ப: இல்லை, இதற்கு நிலா. பிறக்கும்போது இரண்டு நிலாக்களும் எந்தப் பிறையில் இருந்தன என்பதைப் பொறுத்து உருவம் அமையும். எல்ஃப் சாயலில் ஒரு வகை, சவாரி செய்யும் அளவுக்குப் பெரிய புலி மாதிரி ஒரு வகை, வீட்டுப் பூனை அளவில் மந்திரம் போடும் ஒரு வகை. படம் வரைந்தவர்கள் மாறினார்கள், எழுதியவர்கள் நிலாவைக் காரணம் காட்டினார்கள்.

கே: ஸ்டார்ம்க்ளோக்கா, பேரரசா? லோர் தெரிந்தவர் என்ற முறையில் யார் பக்கம் நியாயம் என்று சொல்லுங்கள்.

ப: நியாயத்தை விடுங்கள், ஒரு காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். எல்ஃப்களின் ஆட்சிக்குழுவான தால்மரின் தூதரகத்துக்குள் மாறுவேடத்தில் போகும் குவெஸ்டில், ஸ்டார்ம்க்ளோக் கிளர்ச்சிக்காரர்களின் தலைவர் உல்ஃப்ரிக்கைப் பற்றிய ஒரு கோப்பு கிடைக்கும். பேரரசுக்கும் எல்ஃப்களுக்கும் நடந்த பெரும்போரில் உல்ஃப்ரிக் எல்ஃப்களிடம் சிறைப்பட்டபோது அவரை விசாரித்தது எலென்வென், இப்போது அதே தூதரகத்தில் விருந்து கொடுக்கிற அம்மாள்தான். தான் வாய் திறந்ததால்தான் தலைநகரம் விழுந்தது என்று அவரை நம்ப வைத்தார்கள். உண்மையில் அவர் வாய் திறப்பதற்கு முன்பே நகரம் விழுந்துவிட்டிருந்தது. பிறகு தப்பிக்க விட்டார்கள். போருக்குப் பின் நான்காம் யுகம் 175-ல் போட்ட ஒப்பந்தம் டாலோஸ் வழிபாட்டைத் தடை செய்தது, உல்ஃப்ரிக் கொதித்தார், உள்நாட்டுப் போர் வந்தது. அவர் தால்மருக்கு வேலை செய்கிறார் என்று இந்தக் கோப்பை வைத்துச் சிலர் வாதாடுவார்கள், அப்படி அதில் இல்லை. ஸ்டார்ம்க்ளோக் வெற்றியையும் தவிர்க்க வேண்டும் என்றே எழுதியிருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது இழுத்துக்கொண்டே போகிற போர்.

டாலோஸாகக் கும்பிடப்படும் டைபர் செப்டிமே அட்மோராவில் பிறந்த நார்டு இல்லை, ஹை ராக்கில் பிறந்த ஹ்யால்டி என்ற ஆள், கூட்டாளிகளைக் கழுத்தறுத்து மேலே வந்தவர் என்று சொல்லும் ஒரு புத்தகமும் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு இரண்டு முகாமுக்கும் போய்ப் பாருங்கள். நான் ஒவ்வொரு முறையும் வேறு பக்கம் சேர்கிறேன், ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது.

கே: எல்டர் ஸ்க்ரோல் என்றால் உண்மையில் என்ன? தலைப்பிலேயே இருக்கிறது, யாரும் சரியாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்களே?

ப: நடந்ததும் நடக்கப்போவதும் அடங்கிய, யாரும் எழுதாத சுருள்கள். படிக்கப் படிக்கக் கண் போகும், அதனால் மோத் பூசாரிகள் என்று அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் கடைசியில் பார்வை போய்விடும். டான்கார்டில் டெக்ஸியன் என்ற பூசாரி அவசரப்பட்டுப் படித்துக் குருடாவதைப் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் பெயர் வந்த கதை வேறு. அரீனா முதலில் குழுக்களாக மோதும் ஒரு சண்டைக் கேமாகத்தான் திட்டமிடப்பட்டது, பெயரும் அதனால்தான். செய்யச் செய்ய அது ரோல்பிளேயிங் கேமாக மாறியது, பெட்டியில் பெயர் மட்டும் தங்கிவிட்டது. டாம்ரியலே அவ்வளவு வன்முறையான இடம், அதனால் அதற்கு 'அரீனா' என்று பட்டப்பெயர் என்று ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டார்கள். முன்னால் 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' என்று ஒட்டியது அதன் வடிவமைப்பாளர் விஜய் லக்ஷ்மன். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கே தெரிந்திருக்காது என்பது உடன் வேலை செய்த டெட் பீட்டர்சனின் எண்ணம். அர்த்தம் இல்லாமல் வந்த பெயர் 2006-ல் ஆப்லிவியனில் திருடிக்கொண்டு ஓடும் ஒரு பொருளாகவும், 2011-ல் ஸ்கைரிமில் மலையுச்சியில் நின்று விரித்துப் படிக்கும் ஒரு பொருளாகவும் ஆயிற்று.

கே: ஸ்கைரிமில் ஹை ஹ்ரோத்கர் மடத்துக்குப் போகும் ஏழாயிரம் படிகளை எண்ணிப் பார்த்தேன். ஏழாயிரம் இல்லவே இல்லை.

ப: எத்தனை என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே. வழியில் அந்தப் பனி ட்ரோல் பாய்ந்து வந்தபோது எண்ணிக்கை விட்டுப்போயிற்று என்றால் புரிந்துகொள்கிறேன், எனக்கும் அங்கேதான் போயிற்று.